செரோக்கி, கிரீக், எல்லைக் குடியேறிகள்: ஒப்பந்தத்தில் யாருடைய கையெழுத்து?

செரோக்கி என்றதும் ஜீப் வண்டி ஞாபகம் வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம். 1838-ல் அவர்களைத் துரத்தியடித்த கண்ணீர்ப் பாதை பற்றிச் சிலருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அதற்கு முந்தைய நூறு வருஷத்தில் உட்கார்ந்து பேசினார்களா, அடித்துக்கொண்டார்களா, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எந்த வரிசையில் வேண்டுமானாலும் படிக்கலாம், கிரீக் தலைவர் மக்கிலிவ்ரே பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இவர்கள் யார், எங்கே இருந்தார்கள்?

செரோக்கிகள் தெற்கு அப்பலாச்சியன் மலைக்காரர்கள். இன்றைய டென்னசி, இரு கரோலினாக்கள், ஜார்ஜியா எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில், ஆற்றோரமாக அவர்கள் ஊர்கள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சோட்டா என்ற ஊர்ச் சபைக்கு மதிப்பு அதிகம். அதற்குத் தெற்கே, சட்டஹூச்சி, கூசா, டல்லபூசா ஆறுகளின் கரையில் கிரீக்குகள். கிரீக் என்றால் ஓடை. அது ஆங்கிலேயர்கள் வைத்த பெயர், அவர்கள் தங்களை மஸ்கோகி என்பார்கள். சொல்லப்போனால் கிரீக் ஒரே இனம்கூடக் கிடையாது. வெவ்வேறு மொழி பேசிய ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பு அது. ஊருக்கு ஊர் தனிச் சபை, தனித் தலைவர் (மிக்கோ), நடுவில் ஒரு சதுக்கம், அதில் புனிதமாகக் காக்கப்படும் நெருப்பு.

செவ்விந்தியர் என்று எழுதலாமா?

பழைய பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். நான் பூர்வகுடிகள் என்கிறேன். ஒரு சின்ன வேடிக்கை: தென்கிழக்கு இனத்தவர்களில் சிலர் 1720-களிலேயே ஆங்கிலேயரிடம் பேசும்போது தங்களைச் சிவப்பு மக்கள் என்று சொல்லிக்கொண்டதுண்டு. அவர்கள் வழக்கில் சிவப்பு போரின் நிறம், வெள்ளை சமாதானத்தின் நிறம். கிரீக் ஊர்களையே சிவப்பு ஊர், வெள்ளை ஊர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். எதிரே இருப்பவன் தன்னை வெள்ளையன் என்று சொல்லிக்கொண்டு வந்தது எவ்வளவு குழப்பத்தைக் கொடுத்திருக்கும் பாருங்கள்.

சண்டைக்குக் காரணம் நிலம்தானே?

கடைசியில் நிலம்தான், ஆனால் ஆரம்பம் மான் தோல். 1699 முதல் 1715 வரை தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50,000 தோல்களுக்கு மேல் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. பதிலுக்குத் துப்பாக்கி, வெடிமருந்து, துணி, கத்தி, இரும்புச் சட்டி, அப்புறம் ரம். ஒரு தலைமுறைக்குள் துப்பாக்கி இல்லாமல் வேட்டை இல்லை, வேட்டை இல்லாமல் வெடிமருந்து இல்லை என்றாகிவிட்டது. வியாபாரிகள் சரக்கைக் கடனுக்குக் கொடுத்தார்கள், அடுத்த பருவத்துத் தோலில் கழித்துக்கொள்வதாகக் கணக்கு. மான் குறையக் குறையக் கடன் ஏறியது. ஏறிய கடனுக்கு ஒருநாள் நிலத்தைக் கேட்டார்கள். 1773-ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் நடந்தது அப்பட்டமாக இதுதான்: வியாபாரிகளின் பாக்கியைத் தீர்க்க செரோக்கிகளும் கிரீக்குகளும் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் எழுதிக்கொடுத்தார்கள். அடகுக்கடைக்குப் போன நகை கதைதான், வேறென்ன.

பேச்சுவார்த்தை எப்படி நடக்கும்?

நிதானமாக, மிக நிதானமாக. கிரீக் ஊரில் என்றால் முதலில் கறுப்புப் பானம். யாப்பன் என்ற செடியின் இலையை வறுத்துக் கொதிக்க வைத்த, காபி மாதிரி உசுப்பேற்றும் கஷாயம் அது. பிறகு புகைக்குழாய் கை மாறும். பேசுகிறவர் வெள்ளை மணிச்சரத்தையோ கழுகு இறகையோ கையில் வைத்துக்கொண்டு பேசி, முடிவில் அதை எதிராளியிடம் கொடுப்பார். அந்தச் சரம்தான் வாக்குக்குச் சாட்சி. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. பதில் பெரும்பாலும் மறுநாள்தான். ஆங்கிலேய அதிகாரிகள் இதற்குப் பொறுமையில்லாமல் தவித்ததை அவர்களுடைய கடிதங்களிலேயே பார்க்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது உறவுமுறைச் சொற்கள். ஆங்கிலேய ஆளுநர்கள் தங்களையோ தங்கள் அரசரையோ அப்பா என்றும், எதிரே இருப்பவர்களைப் பிள்ளைகள் என்றும் சொல்வார்கள். அப்பா சொன்னால் பிள்ளை கேட்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் செரோக்கி, கிரீக் இரண்டும் தாய்வழிச் சமூகங்கள். பிள்ளை அம்மாவின் குலம். கண்டிக்கிறவர், முறைப்படுத்துகிறவர் தாய்மாமன். அப்பா என்பவர் பிரியமாக இருப்பார், கை நிறையக் கொடுப்பார், அதட்ட மாட்டார். ஆக, ஆளுநர் அப்பா என்று சொன்னதும் அவர்கள் பணிந்து தலையாட்டவில்லை, சரி, பரிசு வரும் என்று எதிர்பார்த்தார்கள்! தாய்மாமன் என்று மொழிபெயர்த்திருந்தால் ஒருவேளை கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அவர்களுக்கு ராஜா கிடையாதா?

கிடையாது, எல்லாச் சிக்கலும் தொடங்குவது இங்கேதான். ஊர்ச் சபையில் பேசிப் பேசி எல்லோரும் ஒரு கருத்துக்கு வருவார்கள், உடன்படாதவர்கள் விலகி நிற்கலாம். தலைவர் எடுத்துச் சொல்லலாம், கட்டளை போட முடியாது. வெள்ளைக்காரர்களுக்கோ கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அதனால் ஆள் இல்லாத இடத்தில் ஆளை உண்டாக்கினார்கள். 1730-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அரசாங்கப் பொறுப்பு எதுவும் இல்லாமலே மலையேறிப் போய், மோய்டாய் என்ற தலைவரைச் செரோக்கிப் பேரரசர் என்று அறிவித்துவிட்டு, ஏழு செரோக்கிகளை லண்டனுக்குக் கூட்டிப்போனார். அந்த ஏழு பேரில் ஓர் இளைஞர்தான் பின்னாளில் பெரிய ராஜதந்திரியான அட்டாகுல்லாகுல்லா.

இந்தப் பக்கம் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஆளுநர் போட்ட கையெழுத்து, துப்பாக்கியும் கோடரியுமாக மலைக்கு அப்பால் போய்க் குடிசை போட்டவனைக் கட்டுப்படுத்தவில்லை. இரண்டு பக்கமும் இதே ஓட்டை. ஆனால் ஓட்டை வழியாக நிலம் ஒரே பக்கம்தான் போனது.

1760-ல் செரோக்கிப் போர் எப்படித் தொடங்கியது?

பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஆங்கிலேயருக்கு உதவப் போன செரோக்கி வீரர்கள் 1758-ல் ஊர் திரும்பும் வழியில், வர்ஜீனியா எல்லைக் குடியேறிகளோடு குதிரை விஷயமாகத் தகராறு வந்து பலர் கொல்லப்பட்டார்கள். செரோக்கிச் சட்டப்படி கொலைக்குக் கொலை, அதுவும் குலத்தின் கடமை. கொன்றவனே சாக வேண்டும் என்றில்லை, கொன்றவன் கூட்டத்தில் யாராவது. அவர்கள் கரோலினா எல்லையில் பழி தீர்த்தார்கள். வர்ஜீனியா வேறு, கரோலினா வேறு என்பதை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்?

சமாதானம் பேச 1759-ல் சார்லஸ்டன் வந்த தூதுக்குழுவையே தென் கரோலினா ஆளுநர் லிட்டில்டன் பிடித்து, பிரின்ஸ் ஜார்ஜ் கோட்டையில் அடைத்தார். குற்றவாளிகளை ஒப்படைத்தால் விடுவேன் என்றார். 1760 பிப்ரவரியில் செரோக்கிகள் கோட்டைத் தளபதியை ஆற்றங்கரைக்கு வரவைத்துச் சுட்டார்கள். உள்ளே இருந்த சிப்பாய்கள் ஆத்திரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பணயக்கைதிகளை வெட்டிப்போட்டார்கள். ஆகஸ்டில் ஆங்கிலேயரின் லௌடன் கோட்டை பசியால் சரணடைந்தது, வெளியேறிய படையின் மீது தாக்குதல். 1761-ல் கர்னல் கிராண்ட் வந்து 15 ஊர்களையும் விளைந்த சோளத்தையும் எரித்தார். (பிரெஞ்சு-ஆங்கிலேயப் போட்டியின் அதே போர்தான் 1760 ஜனவரியில் நம் வந்தவாசியிலும் நடந்தது.)

லௌடன் கோட்டைச் சண்டையில் சிக்கிய ஜான் ஸ்டூவர்ட் என்ற அதிகாரியை அட்டாகுல்லாகுல்லா தன் சொந்தப் பொருளைக் கொடுத்து மீட்டு, வேட்டைக்குப் போவதாகச் சாக்குச் சொல்லிக் கூட்டிப்போய் வர்ஜீனியாப் படையிடம் சேர்த்தார். அந்த ஸ்டூவர்ட்தான் பிறகு தெற்குப் பகுதிப் பூர்வகுடி விவகாரங்களுக்குப் பிரிட்டிஷ் கண்காணிப்பாளர் ஆனார். சட்டமும் கோட்டையும் செய்யாததை ஒரு தனிமனித நட்பு செய்தது.

மலைக்கு அப்பால் குடியேறக் கூடாது என்று அரசரே தடை போட்டாராமே?

ஆமாம், 1763-ல். அப்பலாச்சியன் முகட்டை ஒட்டிக் கோடு. யாரும் மதிக்கவில்லை.

1775-ல் நடந்த பெரிய நில விற்பனை?

வட கரோலினா நீதிபதி ரிச்சர்ட் ஹெண்டர்சன், வட்டாகா ஆற்றங்கரையில் சைக்கமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில், இன்றைய கென்டக்கியின் பெரும்பகுதியும் டென்னசியில் ஒரு துண்டுமாகச் சுமார் 2 கோடி ஏக்கரை வாங்கினார். விலை, 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு என்று சொன்னார்கள். குவித்து வைத்தபோது மலை மாதிரி இருந்திருக்கும், ஆயிரம் பேருக்குப் பங்கு பிரித்தால் என்ன மிஞ்சும்? தன் பங்குக்கு ஒரு சட்டைதான் கிடைத்தது என்று ஒருவன் புலம்பியதாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

கையெழுத்திட்டவர்களில் முக்கியமானவர் அட்டாகுல்லாகுல்லா, அப்போது வயதானவர். எதிர்த்து எழுந்து போனவர் அவருடைய மகன் டிராகிங் கனூ. அரசரின் சட்டப்படி தனியார் பூர்வகுடிகளிடம் நிலம் வாங்கவே கூடாது, ஆகவே வர்ஜீனியாவும் வட கரோலினாவும் பிறகு இந்த விற்பனை செல்லாது என்றன. சரி, நிலம் செரோக்கிகளுக்குத் திரும்பியதா? இல்லை, ஹெண்டர்சன் கூட்டத்துக்கு ஆறுதலாக ஒவ்வொரு மாநிலமும் 2 லட்சம் ஏக்கர் கொடுத்துவிட்டு மீதியைத் தாங்களே வைத்துக்கொண்டன.

டிராகிங் கனூ 1776-ல் போருக்குப் போனார், தோற்றார். மற்ற தலைவர்கள் 1777-ல் இன்னும் நிலம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டபோது அவர் பிரிந்துபோய் சிக்கமாகா ஓடைப் பக்கம் புது ஊர்கள் அமைத்து, 1792-ல் சாகும் வரை சண்டையை நிறுத்தவில்லை. அப்பா ஒப்பந்தம், மகன் போர் என்று இதைச் சுருக்கிவிடலாம்தான், ஆனால் இருவரும் தங்கள் மக்களைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

வெள்ளைக்கொடி பிடித்தவர்களைக் கொன்றது எப்போது?

1788. கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். 1785-ல் ஹோப்வெல் என்ற இடத்தில் புது அமெரிக்க அரசும் செரோக்கிகளும் முதல் ஒப்பந்தம் போட்டார்கள். சோட்டாவின் மூத்த தலைவர் ஓல்ட் டாசல், சுமார் 3,000 குடியேறிகள் ஏற்கெனவே எங்கள் நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை அப்புறப்படுத்துங்கள் என்று கேட்டார். அவ்வளவு பேரைக் கிளப்ப முடியாது என்றார்கள் அரசுத் தரப்பினர். ஒப்பந்தத்தில் எழுதியது என்ன தெரியுமா? ஆறு மாதத்துக்குள் வெளியேறாதவனுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு இல்லை, செரோக்கிகள் விரும்பினால் தண்டித்துக்கொள்ளலாம். ஆனால் பிரெஞ்ச் பிராட், ஹோல்ஸ்டன் ஆறுகளுக்கு நடுவே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. டாசல் சொன்ன 3,000 பேர் இருந்ததே அங்கேதான்!

அந்தக் குடியேறிகள் அப்போது பிராங்க்ளின் என்று தாங்களாகவே ஒரு மாநிலம் அறிவித்து, ஜான் செவியரை ஆளுநராக்கி வைத்திருந்தார்கள். 1788 மேயில் கிர்க் என்ற குடியேறியின் குடும்பத்தில் 11 பேர் செரோக்கிகள் கையில் கொல்லப்பட்டார்கள். செவியர் படையோடு கிளம்பினார். அவர் உடன் இல்லாத நேரத்தில், அவருடைய ஆட்கள் சில்ஹோவி ஊருக்கு வெள்ளைக்கொடியோடு போய், டாசலையும் வேறு சில தலைவர்களையும் பேச்சுவார்த்தைக்கு என்று ஒரு வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தார்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் காவல் போட்டுவிட்டு, குடும்பத்தை இழந்த கிர்க்கின் மகன் கையில் கோடரியைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக விழுந்தார்கள். போர் வேண்டாம் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த கிழவர் டாசல். அதுவரை சும்மா இருந்த ஊர்களிலிருந்தும் ஆட்கள் டிராகிங் கனூ பக்கம் சேர்ந்தார்கள். செவியருக்கு என்ன ஆனது? 1796-ல் டென்னசி மாநிலத்தின் முதல் ஆளுநர் ஆனார்.

மக்கிலிவ்ரே யார்? தேசபக்தரா, பிழைக்கத் தெரிந்தவரா?

இரண்டும். அப்பா லாக்லன், ஸ்காட்லாந்திலிருந்து வந்த வியாபாரி. அம்மா செஹோய், காற்றுக் குலத்தவர். தாய்வழி முறைப்படி அலெக்சாண்டர் மக்கிலிவ்ரே முழுக் கிரீக், அதுவும் செல்வாக்குள்ள குலம். சார்லஸ்டனில் படித்தவர், அழகான ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார், உடம்பு எப்போதும் முடியாது, போர்க்களத்தைவிட மேசைதான் அவருடைய இடம்.

1783, 1785, 1786 என்று மூன்று முறை ஜார்ஜியா மாநிலம் ஒரு சில மிக்கோக்களை மட்டும் பிடித்து ஓகோனி ஆற்றுப் பக்கம் நிலத்தை எழுதி வாங்கியது. மற்ற ஊர்கள் இதை ஏற்கவே இல்லை. நிலத்துக்குப் பேராசையோடு அலைகிறவர்கள் என்ற பொருளில் ஜார்ஜியாக்காரர்களுக்குக் கிரீக்குகள் ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். மக்கிலிவ்ரே 1784-லேயே, ஸ்பெயின் வசமிருந்த புளோரிடாவின் பென்சகோலாவில் ஸ்பெயினோடு ஒப்பந்தம் போட்டு, துப்பாக்கிக்கும் வியாபாரத்துக்கும் வழி செய்துவிட்டார். பிறகு குடியேறிகள் மீது தாக்குதல் தொடங்கியது, ஜார்ஜியா திணறியது.

கடைசியில் ஜார்ஜ் வாஷிங்டனே அழைத்தார். 1790 கோடையில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட தலைவர்களோடு மக்கிலிவ்ரே அன்றைய தலைநகர் நியூயார்க்குக்குப் போனார். டம்மனி என்ற உள்ளூர்ச் சங்கத்து வெள்ளைக்காரர்கள் பூர்வகுடி வேஷம் கட்டிக்கொண்டு வரவேற்றார்கள், நிஜமான பூர்வகுடிகளை! (அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.) அவர் தங்கியது போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ் வீட்டில். ஸ்பெயின், பிரிட்டன் ஆட்களும் நகரத்தில் சுற்றிக்கொண்டு மோப்பம் பிடித்தார்கள். ஆகஸ்ட் 7-ல் ஒப்பந்தம்: ஓகோனி நிலம் போகும், மற்ற நிலத்துக்கு அமெரிக்கா உத்தரவாதம், ஆண்டுக்கு 1,500 டாலர். இது வெளியே தெரிந்தது. ரகசியப் பிரிவுகளில், மக்கிலிவ்ரேவுக்குப் பிரிகேடியர் ஜெனரல் அந்தஸ்தும் ஆண்டுக்கு 1,200 டாலரும். ஸ்பெயின் சம்பளம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. 1792-ல் ஸ்பெயினோடு இன்னோர் உடன்பாடு போட்டு, நியூயார்க்கில் கொடுத்த வாக்கிலிருந்து நழுவினார், அங்கே சம்பளமும் கூடியது. 1793 பிப்ரவரியில் பென்சகோலாவில் செத்துப்போனார்.

என் அபிப்பிராயம், இரண்டு பெரிய நாடுகளும் ஒரு மாநிலமும் சுற்றி நின்று இழுக்கும்போது ஒருவரை வைத்து ஒருவரை நிறுத்துவது கிரீக்குகளுக்குப் பழைய வித்தை. 1710-களில் கொவேட்டா ஊர்த் தலைவர் பிரிம்ஸ் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பெயின் மூன்றையும் அப்படித்தான் ஆட்டினார். பணம் வாங்கியது அசிங்கம்தான். ஆனால் அவர் இருந்தவரை ஓகோனிக்கு மேற்கே ஜார்ஜியாவால் பெரிதாக எதையும் பிடிக்க முடியவில்லை.

பெண்களுக்கு இதில் இடம் உண்டா?

செரோக்கிகளிடம் உண்டு. ஒருமுறை கரோலினா ஆளுநரின் சபைக்குப் போன அட்டாகுல்லாகுல்லா, உங்கள் பக்கம் பெண்களே இல்லையே, வெள்ளைக்காரர்களும் பெண் வயிற்றில்தானே பிறக்கிறார்கள் என்ற தொனியில் கேட்டது பதிவாகியிருக்கிறது. நான்சி வார்ட் என்ற நன்யெஹி, சபையில் பேசும் உரிமை பெற்ற போற்றுதற்குரிய பெண்மணி. 1776-ல் தாக்குதல் வருகிறது என்று குடியேறிகளுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பினார், கட்டிவைத்து எரிக்கவிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் காப்பாற்றினார், ஹோப்வெல்லில் எழுந்து சமாதானம் பேசினார். 1817-ல் வயதான காலத்தில் அவரே, இனி ஓர் அடி நிலம்கூடக் கொடுக்காதீர்கள் என்று சபைக்குச் சொல்லி அனுப்பினார்.

செரோக்கியும் கிரீக்கும் சேர்ந்து எதிர்த்திருக்கலாமே?

எல்லோரும் கேட்பது இது. 1715-ல் யமசீ போரில், யமசீ என்ற அண்டை இனத்தவரும் கிரீக்குகளும் சேர்ந்து தென் கரோலினாவை ஏறக்குறைய மூழ்கடித்துவிட்டார்கள். செரோக்கிகளையும் சேர்க்கக் கிரீக்குகள் தூதர்களை அனுப்பினார்கள். 1716 ஜனவரியில் டுகலூ என்ற ஊரில் செரோக்கிகள் அந்தத் தூதர்களைக் கொன்றுவிட்டு ஆங்கிலேயர் பக்கம் போனார்கள். அந்தப் பகை சுமார் 40 வருஷம் ஓடியது. டிராகிங் கனூ காலத்தில் சில கிரீக் வீரர்கள் அவரோடு சேர்ந்து போரிட்டதும் உண்மை. ஆனால் பூர்வகுடி என்ற ஒரே அடையாளத்தை நாம்தான் இங்கிருந்து அவர்கள் மேல் போர்த்துகிறோம்.

1814 மார்ச் 27-ல் ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெள்ளையரை எதிர்க்கச் சொன்ன ஷாவ்னி இனத் தலைவர் டெகம்சேயின் அழைப்பும் தீர்க்கதரிசிகளின் பேச்சும் சேர்ந்து கிரீக்குகளையே இரண்டாகப் பிளந்திருந்தது. எதிர்ப்பாளர்களுக்குச் செங்கோலர் என்று பெயர், சிவப்புத் தடிகளை ஏந்தியதால். 1813 ஆகஸ்டில் மிம்ஸ் கோட்டையில் அவர்கள் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகு, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் படையோடு வந்தார், அவரோடு சில நூறு செரோக்கிகளும், சட்டஹூச்சிப் பக்கத்துக் கீழ்க் கிரீக்குகளும். ஆற்று வளைவில் மரத்தடுப்புக்குப் பின்னால் இருந்த செங்கோலர்களை முன்னாலிருந்து பீரங்கியால் அசைக்க முடியவில்லை. செரோக்கிகள் ஆற்றை நீந்திக் கடந்து படகுகளைக் களவாடிக்கொண்டு வந்து பின்னாலிருந்து தாக்கினார்கள். சுமார் 800 செங்கோலர்கள் செத்தார்கள். கணக்கெடுக்க மூக்கு நுனியை அறுத்தார்கள் ஜாக்சனின் ஆட்கள். ஆகஸ்டில் ஜாக்சன் கோட்டையில் ஒப்பந்தம்: 2 கோடியே 30 லட்சம் ஏக்கர் பறிப்பு. கையெழுத்திட்டவர்களில் ஒரே ஒருவர்தான் செங்கோலர், மற்றவர்கள் எல்லாம் ஜாக்சனுக்கு உதவியவர்கள். பறிபோனதில் அவர்கள் நிலமும் உண்டு.

இவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்கிறார்களே?

உண்மை. மக்கிலிவ்ரேவிடம் பல டஜன் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள், பணக்காரச் செரோக்கிகளிடமும். ஒப்பந்தங்களில் பிடிபட்ட கறுப்பர்களைத் திருப்பித் தருவது ஒரு பிரிவாகவே இருக்கும். இதை மறைத்துவிட்டு இவர்கள் கதையைச் சொல்ல முடியாது.

தங்கள் நிலத்தை விற்றவர்களை அவர்களே கொன்றார்களா?

கொன்றார்கள். சபையின் அனுமதி இல்லாமல் நிலம் விற்றால் மரணம் என்று சட்டமே வைத்தார்கள். 1825-ல் இந்தியன் ஸ்பிரிங்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கிரீக் தலைவர் வில்லியம் மெக்கின்டாஷ், அந்தச் சட்டம் தெரியாதவர் அல்ல. ஏப்ரல் 30 விடியற்காலை, ஹார்ஸ்ஷூ பெண்ட்டில் எதிர்ப்பக்கம் நின்று காயத்தோடு தப்பிய மெனாவா ஆட்களோடு வந்து, வீட்டுக்குத் தீ வைத்து, வெளியே வந்தவரைக் கொன்றார். அமெரிக்க அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்து 1826-ல் வேறு போட்டது, அபூர்வம்தான். நிலம் என்னவோ அதிலும் போனது.

செரோக்கிகளை வெளியேற்றிய நியூ எகோட்டா ஒப்பந்தம் இன்றும் செல்லுமா?

1835 டிசம்பரில் நியூ எகோட்டாவில் போட்டது அது. முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் ஒப்பவில்லை, சபை ஒப்பவில்லை, 15,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு எதிர்ப்பு மனு போனது. சுமார் 20 பேர் கையெழுத்தில் 50 லட்சம் டாலருக்கு மொத்தக் கிழக்கு நிலமும் போனது. செனட்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு ஒரே ஓட்டில்தான் தேறியது. 1838-39-ல் சுமார் 16,000 பேரை மேற்கே விரட்டினார்கள், வழியில் இறந்தவர்கள் 4,000 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கையெழுத்திட்ட மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான், எலியாஸ் பூடினோ மூவரும் 1839 ஜூன் 22-ல் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்று. 2020-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரீக்குகளின் பழைய ஒப்பந்தங்களைக் காட்டி, மேற்கே விரட்டப்பட்டபோது அவர்களுக்கு ஓக்லஹோமாவில் கிடைத்த ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி இன்னும் இருக்கிறது என்று 5-4 எனத் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய வருஷமே, செரோக்கிகளின் இன்றைய அரசான செரோக்கி நேஷன், முன்னோர்கள் ஏற்காத, கையெழுத்திட்டவர்களைக் கொன்றே தீர்த்த அதே நியூ எகோட்டா ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவைக் காட்டி, கிம் டீஹீ என்பவரைத் தன் பிரதிநிதியாக நியமித்துவிட்டு, எங்கள் நாற்காலி எங்கே என்று கேட்டது. 2022 நவம்பரில் சபையின் விதிகள் குழு அதைப் பற்றி ஒரு விசாரணையும் நடத்தியது. நாற்காலி இன்னும் வரவில்லை.